பெரட்டுக்கு ஒரு வோகோடர்

1982 சித்திரையில் மதுரையில் என் தங்கையின் கணவருக்குக் கழுத்துக் கழலையை அறுவை செய்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் குரல்வளைக்குப் போகும் நரம்பு பழுதாகி, குரல் போய்விட்டது. பேசினால் காற்றுதான் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்கும்.

மாப்பிள்ளை போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கங்காணி. விடிந்ததும் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரின் முற்றத்தில் ஆட்களை நிறுத்தி, ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டு, யார் எந்தப் பக்கம் போவது என்று பிரித்துவிட வேண்டும். அதைப் பெரட்டு என்பார்கள். தோட்ட முதலாளி போடியில் ஏலக்காய் வியாபாரி. "ஆடி வரைக்கும் பாக்குறேன். பறிப்புத் தொடங்கிட்டா கூப்பிட ஆளு வேணும்ல?" என்று சொல்லிவிட்டார். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். பிள்ளைகளோடு என் தங்கை அந்த வீட்டில்தான் இருந்தாள்.

நான் போடியில் மைக்செட் கடை வைத்திருந்தேன். 1977 முதல் கடையின் பின்னறையில், மின்சாரத்தில் இசையொலி எழுப்பும் ஒரு சிந்தசைசர் கட்டிவந்தேன். ஒலியைப் பிறப்பிக்க ஒரு பெட்டி, வடிகட்ட ஒன்று, ஏற்றி இறக்க ஒன்று. வேண்டியபடி வயர்களால் இணைத்துக்கொள்ளலாம். பாட்டு வாசிக்கத் தெரியாதவனுக்கு இது எதற்கு என்று கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். அடுத்துச் செய்ய நினைத்திருந்தது வோகோடர். மதுரைப் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிய மின்னணு இதழ்களில் அதைப்பற்றிப் படித்திருந்தேன்.

தொண்டை ஒரு ரீங்காரத்தைத் தருகிறது. நாக்கும் உதடும் அதை எழுத்துகளாகச் செதுக்குகின்றன. வோகோடர் ஒருவருடைய பேச்சைக் கனத்த ஒலி முதல் கீச்சொலி வரை பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பலத்தையும் அளந்து, அதே அளவுக்கு இன்னோர் ஒலியின் பட்டைகளைத் திறந்துவிடும். மாப்பிள்ளையின் நாக்குக்கும் உதட்டுக்கும் ஒரு குறையும் இல்லை. ரீங்காரத்தை என் பெட்டி கொடுத்தால் போதும்.

கையிலிருந்த சாமான்களுக்கு எட்டுப் பட்டைகள்தான் முடிந்தன. வைகாசி முழுவதும் அதே சோலி. சுருதியைத் தங்கைதான் சொன்னாள். கடைக்கு வந்து உட்கார்ந்து, நான் குமிழைத் திருப்பத் திருப்பக் கேட்டாள். "இன்னும் எறக்குண்ணே… எறக்கு… இது ரொம்ப, எருமை கத்துற மாதிரி இருக்கு. கொஞ்சம் ஏத்து. ம், இதான் அவரு." சொன்னவள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

ஆனியில் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மேலே போனோம். மறுநாள் காலை மூடுபனி. இரண்டு ஜீப்பு பேட்டரிகள், முற்றத்தின் மறுகோடியில் முகம் திருப்பிக் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. மாப்பிள்ளை மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து முதல் பேரைக் கூப்பிட்டார். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சத்தம் வந்தது. என் தங்கை தேடிப் பிடித்த சுருதி அதுவல்ல. வரிசையில் நின்ற ஒரு பெண், "என்னா கங்காணி, ரேடியோவ முழுங்கிட்டீகளா?" என்றாள். மாப்பிள்ளையும் சிரித்தார். சிரிப்பு ஒலிபெருக்கியில் வரவில்லை.

காரணம் பிறகுதான் உறைத்தது. ரீங்காரப் பெட்டியில் சுருதியை நிர்ணயிக்கும் டிரான்சிஸ்டர் சூட்டுக்கு ஒன்றும் குளிருக்கு ஒன்றும் பேசும். போடி வெயிலில் சுருதி சேர்த்துவிட்டு, மலைக்குளிரில் கொண்டுபோய்த் திறந்திருக்கிறேன். அதன்பிறகு, பறிப்புத் தொடங்காவிட்டாலும் ஸ்டோரின் சூட்டறை அடுப்பில் கொஞ்சம் விறகு போட்டு, பெட்டியை இரவெல்லாம் அதன் ஓரத்தில் வைத்தோம். காலையில் கம்பளியில் சுற்றித் தூக்கிவந்தால், பெரட்டு முடியும்வரை சூடு நின்றது. சுருதியும் நின்றது.

ஆடி பிறந்ததும் முதலாளி ஒரு காலையில் குடையோடு வந்து நின்றார். அன்று ஒரு பேரும் பிசகவில்லை. மேட்டுக்கு இத்தனை பேர், ஓடைப்பக்கம் இத்தனை பேர் என்று பிரிந்து கலைந்தார்கள். முதலாளி பெட்டியையும் பேட்டரியையும் சுற்றிப் பார்த்தார்.

"பெரட்டுக்குச் சரிதான். காட்டுக்குள்ள ஒருத்தி வழுக்கி விழுந்தா? யானை எறங்குனா? இத எந்தத் தோள்ல தூக்கிட்டு ஓடுவ?"

நான் வாய் திறந்தேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்து, வேண்டாம் மச்சான் என்று உதட்டை அசைத்தார். பிறகு மைக்கை எடுத்தார். "முதலாளி கேக்குறது நெசம். பறிப்பு முடியிற வரைக்கும் வீட்ட மட்டும் விடுங்க. பிள்ளைக படிப்பு இருக்கு."

எழுத்துகள் எல்லாம் துல்லியமாக இருந்தன. ஆனால் நான் கட்டிய பெட்டிக்கு ஒரே சுருதி. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. யானையைப் பற்றிச் சொன்னாலும் வீட்டைப் பற்றிச் சொன்னாலும் ஒன்றுதான்.

முதலாளி முகம் சுளித்தார். "என்னப்பா, கேக்குறியா, எனக்கு உத்தரவு போடுறியா?"

மாப்பிள்ளை திரும்பச் சொன்னார். அதே குரல் அதேபோல மலையில் மோதித் திரும்பியது. கலைந்துபோன ஆட்களில் சிலர் சரிவில் நின்று பார்த்தார்கள். அவர் குனிந்து சுவிட்சை அணைத்தார். மைக்கைக் கம்பளிமேல் வைத்துவிட்டு, முதலாளியின் அருகில் போய், தனக்கு மிஞ்சியிருந்த காற்றில் பேசினார். கேட்பதற்கு முதலாளி குடையை ஒதுக்கித் தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது. நான் நின்ற இடத்துக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. நெடுநேரம் பேசியதுபோல் இருந்தது.

முதலாளி நிமிர்ந்து, "பங்குனி வரைக்கும் இருந்துக்க. பெரட்டுக்கு நாளையிலருந்து வேற ஆளு" என்றார்.

1983 பங்குனியில் பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் தங்கை குடும்பத்தார் சாமான்களை ஜீப்பில் ஏற்றிப் போடிக்கு வந்துவிட்டார்கள். அந்த முற்றத்தில் என்ன சொன்னார் என்று நான் ஒருமுறைகூட மாப்பிள்ளையிடம் கேட்டதில்லை. தங்கையும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.