மஞ்சக் கதவு

அவளை எல்லோரும் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு அரசுப் பள்ளிகளின் வகுப்பறைச் சாவிகள் இடுப்பில் குலுங்க, பஸ் மாறி பஸ் மாறி ஓடுவாள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டபின் நடக்கும் இலவச டியூஷனுக்கு அவள்தான் ஒருங்கிணைப்பாளர். பேர் என்னவோ பெரிசு. வேலை, டீச்சர் வராத நாளில் டீச்சரைத் தேடுவது, டியூப்லைட் எரியாத நாளில் வாட்ச்மேனைத் தேடுவது. இதில் அவளுக்கு அலுப்பே தட்டியதில்லை என்றால் நீங்கள் நம்பத்தான் வேண்டும்.

அந்த நாலில் ஒரு பள்ளியில் மட்டும் ஆரம்பத்தில் டியூஷனுக்கென்று அறை கிடையாது. மாடிப்படிக்குக் கீழேதான் வகுப்பு. சாவியக்கா தலைமையாசிரியரின் உயிரை வாங்கி, கடைசியில் வராந்தாவின் நடுவே ஓர் அறையையும் வாங்கிவிட்டாள்.

"மாசக் கடைசியில வந்து பாப்பேன்மா. பசங்க வரலைன்னா ரூம் விளையாட்டுச் சாமானுக்குப் போயிடும். டியூஷனும் அவ்வளவுதான்," என்றார் அவர்.

அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கணவர் போர்டு எழுதும் பெயிண்டர். மனைவி சிரித்துவிட்டால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. நல்ல பலகையாகப் பார்த்து, நீலம் பூசி, வெள்ளையில் எழுதினார்: 'இலவச டியூஷன். தகுதியுள்ள ஏழை மாணவர்களுக்கு மட்டும்.' ஒவ்வோர் எழுத்தையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இருவருமாகப் போய்க் கதவுக்கு மேலே மாட்டிவிட்டு, எட்ட நின்று பார்த்துப் பூரித்தார்கள்.

மறுநாள் அறையில் ஈ காக்கை இல்லை. கணக்கு டீச்சர் மட்டும் சாக்பீஸும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மழையாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்கடுத்த நாள் வெயில் பொளந்து கட்டியது. அன்றும் ஒருவரும் வரவில்லை. பள்ளி விடும் நேரத்துக்கு அவளே போய்க் கேட்டில் நின்றாள்.

சலவைக் கடைக்காரரின் மகள் வாயாடி. டியூஷனுக்கு ஒருநாள் தவறாதவள். அவளே தலையைக் குனிந்தபடி கேட்டைத் தாண்டப் பார்த்தாள். சாவியக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏண்டி வரல?"

"வயித்து வலிக்கா."

"எல்லாருக்கும் சேத்தாப்பலயா?"

அதற்குமேல் வாயாடியால் அடக்க முடியவில்லை. "அந்த போர்டுக்குக் கீழ எப்படிக்கா நுழையறது? ஸ்கூல் விட்டா எங்க க்ளாஸே வராந்தாவுலதான் நிக்குது. ஹெட்மாஸ்டர் பொண்ணு வேற சத்தமா படிச்சுக் காட்டுறா. மாடிப்படிக்குக் கீழ இருந்தப்ப யாருக்கும் தெரியாதுக்கா." கண் நிறைந்துவிட்டது.

சாவியக்காவுக்குச் சுருக்கென்றது. எழுத்தின் அழகைப் பார்த்தாளே தவிர, அது என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. கதவில் மாட்டுவதாக நினைத்துப் பிள்ளைகளின் நெற்றியில் ஒட்டியிருக்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டில் சொன்னதும் பெயிண்டரின் முகம் தொங்கிவிட்டது. "எழுத்துல தப்பா?"

"எழுத்துல இல்லீங்க. நானும் பக்கத்துலயே நின்னு பாத்தேனே, எனக்கும்தான் தோணல."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். ஆனால் காலையில் அவளுக்கு முன்னால் உப்புத்தாளும் பிரஷ்ஷுமாக வாசலில் நின்றார். பள்ளிக்குப் போய்ப் பலகையைக் கழற்றி, தான் எழுதியதைத் தானே தேய்த்து அழித்தார். சாவியக்கா பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன எழுதணும், நீயே சொல்லும்மா," என்று அங்கே எட்டிப் பார்த்த வாயாடியைக் கேட்டார்.

"எதுவும் எழுதாதீங்க மாமா. கதவுக்கு பெயிண்ட் மட்டும் அடிங்க. மஞ்ச."

வராந்தா முழுக்கச் சாம்பல் நிறக் கதவுகள். நடுவில் இது ஒன்று மட்டும் பளிச்சென்று ஆனது. தேய்த்த பலகைக்குக் கால் அடித்து டீச்சருக்கு மேஜையாக்கிவிட்டார். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். 'எங்க போற?' என்று கேட்டவர்களுக்கு, 'மஞ்சக் கதவுக்கு' என்று பெருமையாகவே பதில் வந்தது.

மாசக் கடைசியில் தலைமையாசிரியர் சொன்னபடி வந்தார். உட்கார இடமில்லாமல் இரண்டு பேர் ஜன்னல் திண்டில் இருந்தார்கள். அவருக்குப் பின்னாலேயே வந்த அவர் மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, என்னையும் மஞ்சக் கதவுல சேத்து விடுங்கப்பா."

அவர் சாவியக்காவைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "டியூஷன் விதி அப்படி சார். பாப்பாவுக்குத் தகுதி இல்லையே," என்றாள்.

அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. முன்வரிசையில் இருந்த வாயாடி அதைப் பார்த்தாள். நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டாள்.

"வா, இங்க உக்காரு. யாரும் கேட்டா என்கூட வந்தேன்னு சொல்லிக்கலாம்."