கேட்டுவிட்டு எழுதுகிறவள்

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். மட்டாஞ்சேரியில் இப்போது தெருவுக்கு நாலு வீட்டில் இதுதான் தொழில். வருகிறவர்கள் அரண்மனையைப் பார்ப்பார்கள், சுக்குக் கிடங்கின் வாசலில் நின்று படம் எடுப்பார்கள், இரண்டு நாள் கழிந்ததும் மூணாறுக்கு வண்டி கேட்பார்கள். அந்தப் பெண் மட்டும் தனியாக வந்து ஒரு மாதத்துக்கு அறை கேட்டாள். என்ன வேலை என்று கேட்டதற்கு, "எழுதணும்" என்றாள். கதை எழுதுகிறவள் போல என்று நினைத்துச் சாவியைக் கொடுத்தேன்.

அவள் ஸ்லோவாக்கியாக்காரி. ஐரோப்பாவின் நடுவில் இருக்கும் சின்ன நாடு, கடலே கிடையாதாம். அதனாலோ என்னவோ, வந்த புதிதில் படகுத்துறைக்குப் போய், எர்ணாகுளம் போட்டில் ஜனங்கள் முண்டியடித்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். எங்கள் பேச்சு இங்கிலீஷில்தான். வருகிறவர்களோடு பேசிப் பேசி வந்த இங்கிலீஷ் என்னுடையது, அதில் யாரும் இலக்கணம் பார்க்க வேண்டாம். எங்கள் வீட்டுப் பேச்சு தமிழ், அதனால் இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னைச் சேச்சி என்றே கூப்பிட்டாள்.

ஒரு காலை, புட்டும் கடலையும் வைத்துக்கொண்டே, "கதை எவ்வளவு தூரம் ஆச்சு?" என்று கேட்டேன்.

"கதை இல்ல சேச்சி. செய்தி. நான் பத்திரிகைக்காரி" என்றாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பத்திரிகைக்காரர் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் சாயங்காலம் டிவியில் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் கத்துகிற கூட்டம்தான். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு உட்காருவார். "கொஞ்சம் கொறைங்க, பள்ளுருத்தி வரைக்கும் கேக்குது" என்று நான் தினமும் கத்த வேண்டும். அந்தச் சாதியில் ஒருத்திக்கா நான் புட்டு அவித்துப் போடுகிறேன் என்று இருந்தது.

அவள் தன் நாட்டைப் பற்றிச் சொன்னாள். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம். தேர்தல் நடக்கிறது, நாடாளுமன்றம் கூடுகிறது. ஆனால் கேள்வி கேட்கிறவர்களை மேடையிலேயே நாட்டுக்கு விரோதிகள் என்கிறார்கள். அதைப் பொறுக்காத ஜனங்கள் நடுக்குகிற குளிரில் சதுக்கங்களில் கூடி நிற்கிறார்கள். செய்தி எழுதியதற்காக அங்கே உயிரை விட்டவரும் உண்டு. இதைச் சொல்லும்போது அவள் குரல் ஏறவே இல்லை. "ஓட்டுப்பெட்டி அப்படியே இருக்கும் சேச்சி. கேள்வி கேக்கத்தான் ஆள் இருக்காது" என்றாள்.

அவள் எழுதிக்கொண்டிருந்தது ஒரு பெரும்புள்ளியைப் பற்றி. ஆட்சியில் இருப்பவர்களுக்கு வேண்டப்பட்டவர். சின்னச் சின்ன ஊர்களில் வரும் பத்திரிகைகளை வேறு வேறு ஆட்கள் பெயரில் வாங்கிக்கொண்டிருந்தார். வாங்கிய இடத்திலெல்லாம் முதலில் போனது கேள்வி கேட்கும் பக்கம். இதை விசாரிக்கத் தொடங்கியதும் இவளுக்கு மிரட்டல் வந்தது, வீட்டுக் கதவில் பெயின்ட் ஊற்றினார்கள். எழுதி முடிக்கும்வரை ஊரில் இருக்க வேண்டாம் என்று ஆசிரியர் அனுப்பிவிட்டார். இங்கே யாருக்கும் அவளைத் தெரியாது, அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. செய்தி வெளியே வர வேண்டும், அவள் பெயரோடு வர வேண்டும். அந்த ஒரு மாதத்தில் அவளுக்கு வேறு எண்ணமே இல்லை.

எழுத்து முடிந்துவிட்டது என்றாள் ஒரு நாள். அப்படியானால் வந்துவிடும்தானே என்றேன். இல்லையாம். எழுதியது எல்லாவற்றையும் கேள்விகளாக்கி அந்தப் பெரும்புள்ளிக்கே அனுப்பியிருக்கிறாளாம். வெள்ளிக்கிழமை மதியம்வரை அவர் பதிலுக்குக் காத்திருப்பாளாம்.

நான் சாயாவை மேசையில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். "கள்ளன்கிட்டயே போய் நீ களவாண்டியான்னு கேக்குற ஆளை இப்பதான் பாக்குறேன். அவன் உஷாராயிட மாட்டானா?"

"ஆவார். ஆனாலும் கேக்கணும். அவர் கள்ளன்னு நான் நினைக்கிறேன். நினைச்சா மட்டும் போதுமா? நான் தப்பாவும் இருக்கலாம் இல்ல?"

"இவ்வளவு படிச்சும் பைத்தியமா இருக்கியேம்மா" என்றேன். இதைத் தமிழில் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது போல, சிரித்தாள்.

இங்கே என் வீட்டுக்காரரின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். யார் வந்து இறங்கினாலும் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்து, எங்கள் நீலக் கதவின் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார். அதை இன்டர்நெட்டில் எங்கள் வீட்டுக்கென்று வைத்திருக்கிற பக்கத்தில், இன்ன நாட்டிலிருந்து இன்னார் வந்திருக்கிறார் என்று போடுவார். அதைப் பார்த்துத்தான் நாலு பேர் வருகிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. அவளையும் வந்த அன்றே அப்படி எடுத்தார். வெளிநாட்டுக்காரர் தங்கினால் போலீஸுக்கு விவரம் கொடுக்க வேண்டும் இல்லையா, அதற்குத்தான் படம் என்று அவள் நினைத்துவிட்டாள். மல்லிகைப்பூ வைத்துப் போலீஸுக்குப் படம் கொடுப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். புதிய ஊரில் எதைக் கண்டாலும் இதுதான் வழக்கம் போல என்றுதானே தோன்றும்.

வியாழக்கிழமை அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. போனை என்னிடம் நீட்டினாள். தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்திருந்தது. எங்கள் நீலக் கதவு, அதன் முன்னால் மல்லிகைச் சரத்தோடு அவள். ஒரு வார்த்தை கூட எழுதியிருக்கவில்லை.

"இந்தப் படம் யார்கிட்ட இருக்கு சேச்சி?" என்று கேட்டாள்.

உலகத்திடம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? அப்போதுதான் சாப்பாட்டுக்கு வந்திருந்த வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "உங்களை யாருங்க போடச் சொன்னது? ஒளிஞ்சு இருக்க வந்த பொண்ணைப் பூ வச்சுப் படம் புடிச்சு ஊருக்கெல்லாம் காட்டியிருக்கீங்களே."

"நாலு ஆளு வரட்டும்னுதானே போட்டேன். ஒளிஞ்சு இருக்கான்னு எனக்கு என்ன தெரியும்?" என்றார். உடனே படத்தை அந்தப் பக்கத்திலிருந்து அழித்தார். இனி அழித்து என்ன, அழிக்காமல் என்ன. அன்று அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

அவள் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் வேறு எங்காவது போய்விடுகிறேன், உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று பெட்டியை எடுக்கப் போனாள். எனக்கும் பயம்தான், மறைப்பானேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று ஒரு நிமிடம் நினைக்கவும் செய்தேன். ஆனால் நம் கதவைக் காட்டி மிரட்டியவனுக்காக நம் விருந்தாளியைத் தெருவில் விட்டால் எனக்குச் சோறு இறங்குமா? "பெட்டியை வை. சாயா குடி. இந்தத் தெருவுக்குத் தெரியாம ஒரு பூனை இங்க நுழைய முடியாது" என்றேன். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"இது அவன் வேலைதான். இதையும் சேத்து எழுது" என்றேன்.

"அவர் அனுப்பினதுக்கு ஆதாரம் இல்ல. எழுத முடியாது."

எனக்கு வந்த கோபத்தில் டம்ளரை ஓங்கி வைத்தேன். அவளோ அங்கேயே, என் சமையலறை மேசையிலேயே, அந்த ஆளுக்கு மறுபடியும் கடிதம் அடிக்க ஆரம்பித்தாள். அடித்ததை எனக்கு இங்கிலீஷில் சொன்னாள், இப்படி: நான் எங்கே இருக்கிறேன் என்பது சிலருக்குத் தெரிந்துவிட்டது, எனவே ஒளிய ஒன்றும் இல்லை. முன்பு அனுப்பிய கேள்விகள் ஒருவேளை உங்களுக்குக் கிடைத்திருக்காவிட்டால் இதோ மறுபடியும் அனுப்புகிறேன். சொன்னபடி வெள்ளிக்கிழமை மதியம்வரை காத்திருப்பேன். அவ்வளவுதான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சண்டை போட எனக்குத் தெரியும், மீன்காரனிடமிருந்து கவுன்சிலர்வரை போட்டிருக்கிறேன். இப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததே இல்லை.

பிறகு அவள் அம்மா வீடியோவில் வந்தார். ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிற மனுஷி. கதவுப் படத்தைப் பற்றி இவள் சொல்லியிருக்க வேண்டும், அந்த அம்மாள் போனுக்கு நெருங்கி வந்து மகளைப் பார்த்தார். பிறகு இரண்டு கேள்வி கேட்டார். என்ன கேட்டார் என்றேன்.

"சாப்பிட்டியான்னு கேட்டாங்க. அப்புறம், அவர் பதில் அனுப்பிட்டாரான்னு கேட்டாங்க."

"அந்த வேலையை விட்டுட்டு வான்னு சொல்லலையா?"

"அது ரொம்ப முன்னாடி சொன்னாங்க. இப்பல்லாம் சொல்றதில்ல."

அந்த முகத்தை நான் இன்னொரு தரம் பார்த்தேன். என் பிள்ளையாக இருந்தால் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அந்தத் தாயிடம் எனக்கு ஒரு பெரிய மரியாதை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை. அங்கே மதியம் என்றால் இங்கே சாயங்காலம், பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கழிந்த நேரம். மதியம் ஜும்மா தொழுகை முடித்து வந்த வீட்டுக்காரர் ஆட்டோவை எடுக்கவே இல்லை, வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். இடக்கொச்சி மீனை வறுத்து வைத்திருந்தேன், யாரும் தொடவில்லை. கெடு முடிய இருந்தபோது பதில் வந்தது. அந்த ஆளின் வக்கீல் அனுப்பியது, நீளமானது. முக்கால்வாசி வசவு. இவள் கூலிக்கு எழுதுகிறவள், அந்நியர்களின் கைக்கூலி என்றெல்லாம் இருந்தது. ஆனால் நடுவே ஒரு விஷயம் இருந்தது.

அவள் அம்மா இருக்கும் ஊரில் ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. இவள் தொழில் பழகியது அங்கேதான். அதையும் அந்த ஆள்தான் வாங்கி மூடினார் என்று எழுதியிருந்தாள். அது மட்டும் தன் வேலை இல்லை என்று அவர் ஆதாரத்தோடு சொல்லியிருந்தார். அவள் உடனே அந்தப் பத்திரிகையின் பழைய முதலாளிக்குப் போன் போட்டாள். ஆமாம், நஷ்டம் தாங்காமல் நானே மூடினேன், வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது என்றாராம். அந்தப் பத்தியை அவள் எடுத்துவிட்டாள். எடுக்கும்போது கண் கலங்கியது. எழுதியதிலேயே அவளுக்குப் பிரியமான இடம் அதுதானாம்.

"யாருக்குத் தெரியப்போகுது? விட்டுடேன்" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே சேச்சி."

வக்கீலின் வசவையோ ஒரு சொல் குறைக்காமல் அப்படியே சேர்த்தாள். தன்னைக் கைக்கூலி என்று எழுதியதைத் தானே தன் செய்திக்குள் அடித்துச் சேர்க்கிறாள்.

கடைசியில் ஆசிரியரோடு போனில் ஒரு வாக்குவாதம், அவர்கள் பாஷையில் நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். பெயர் வேண்டாம், எங்கள் நிருபர் என்று போடுவோம், எழுதிய ஊர் என்று நம் தலைநகரத்தைப் போட்டுவிடுவோம் என்கிறார் அவர். செய்தியின் தலையில் எழுதியவர் பெயரையும், எந்த ஊரிலிருந்து எழுதினார் என்பதையும் போடுவது அவர்கள் வழக்கமாம். நான் அங்கே இல்லையே, முதல் வார்த்தையே பொய்யாகிவிடுமே என்கிறாள் இவள். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"உங்க ஊர்ப் பேரைப் போடலாமா? வேண்டாம்னு சொன்னா ஊரே போடாம விட்டுடறேன். இது உங்க வீடு."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மதியத்திலிருந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்த மனுஷன் எழுந்து உள்ளே வந்தார். "போடச் சொல்லு. பேடிக்கண்டான்னு சொல்லு. நான் வாசல்லதான இருக்கேன்" என்றார். பயப்படாதே என்பதற்கு இந்த ஊரில் எங்களுக்கு முதலில் வாயில் வருவது மலையாளம்தான். நானும் தலையை ஆட்டினேன்.

அன்று மாலையே செய்தி வந்தது. போனில் காட்டினாள். இங்கிலீஷ் எழுத்துதான், சில எழுத்துகளின் தலையில் கொம்பும் கோடும் இருந்தன. பக்கம் முழுவதிலும் எனக்கு வாசிக்கக் கிடைத்தது இரண்டுதான். ஒன்று அவள் பெயர், இன்னொன்று மட்டாஞ்சேரி. பிறந்ததிலிருந்து இந்த ஊர்ப் பெயரை மிளகு மூட்டையிலும் பஸ் நெற்றியிலும்தான் பார்த்திருக்கிறேன். என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை.

மாதம் முடிந்ததும் அவள் திரும்பிப் போனாள். அங்கேயேதான், அந்த ஊருக்கேதான். இன்னும் கொஞ்ச நாள் இரேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "அடுத்த கேள்வியை அங்க இருந்துதான் கேக்கணும் சேச்சி" என்று கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர்தான் ஆட்டோவில் கொண்டுபோய் விமான நிலையத்தில் விட்டார். காசு வாங்கவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு வேலை. காலையில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அவள் பத்திரிகையைப் போனில் திறப்பேன். படிக்கத் தெரியாது. செய்தியின் தலையில் அவள் பெயரும் ஓர் ஊர்ப் பெயரும் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஒரு நாள் இல்லாவிட்டால் விடுமுறையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இரண்டாம் நாளும் இல்லாவிட்டால் சாயாவில் சர்க்கரை போட மறந்துவிடும். வீட்டுக்காரர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, "இன்னைக்கும் இல்லையா?" என்று கேட்பார்.

இன்று இருந்தது.