விடைபெறாத கடிதம்

பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிய தோழிகளுக்கெல்லாம் நல்லது மட்டுமே நடந்தது. ஒருத்தி வகுப்பில் முதலாவதாக வருவாள், வாழ்த்தி எழுதுவேன். இன்னொருத்தியை அக்கா கல்யாணத்துக்கு அழைப்பேன். எனக்கு அக்காவே கிடையாது. யாருக்கு எழுதினாலும் நான் இங்கு சுகம், நீ அங்கு சுகமா என்று தொடங்கி, உன் பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல் என்று முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் மார்க் போய்விடும். தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாத, ரத்தமும் சதையுமான ஒரு தோழிக்கு நிஜமாகவே அப்படி எழுத வேண்டி வரும் என்று அப்போது யார் கண்டது?

மதுரையில் நர்சிங் படித்தபோது விடுதியில் என் அறைக்கு வந்தவள் அவள். மிசோரம் மலைக்காரி. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஒரே பாஷை இங்கிலீஷ், அதிலும் இரண்டு பேருமே அரைகுறை. எனக்கு டைஃபாய்டு வந்து படுத்தபோது, ஊரிலிருந்து அம்மா வந்து சேர்வதற்குள் கஞ்சி காய்ச்சி ஊட்டி, தலைகூடச் சீவிவிட்டிருந்தாள். படிப்பு முடிந்ததும் தன் ஊர்ப் பக்கமே வேலைக்குப் போய்விட்டாள். நான் அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். திருச்சுழியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன்.

அவள் ஊரில் டவர் கிடையாது. மலையை விட்டு டவுனுக்கு இறங்கினால்தான் போன் உயிர் பெறும். அதனால் இந்தக் காலத்திலும் நாங்கள் கடிதம் எழுதினோம். எனக்குக் கூட வேலை பார்ப்பவர்கள் உண்டு, சொந்தக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் மனசைத் திறந்து கொட்ட அவள் ஒருத்திதான். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும், போய்விட்டு வருகிறேன் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி என் பெயரைப் போடுவேன். முதல் தடவை அதைப் படித்துவிட்டு, எப்போது வருகிறாய், எந்த ரயில் என்று கேட்டு எழுதினாள். விஷயம் புரிந்த பிறகு அவளும் அப்படியே முடிக்க ஆரம்பித்தாள்.

போன மாசியில் அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. அம்மா இல்லை, திடீரென்று போய்விட்டாள், அவ்வளவுதான். உடனே கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது. பக்கத்து ஊர்களான வீரசோழன், காரியாபட்டி என்றால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்க் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அவள் வீட்டுக்கு நான் கடிதத்தில்தான் போக முடியும்.

லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினேன். சுகமா என்று எழவு வீட்டில் கேட்க முடியுமா? அதனால் எடுத்த எடுப்பிலேயே அவள் அம்மாவைப் பற்றி ஆரம்பித்தேன். அந்த அம்மாள் அனுப்பிய ஊசிமிளகாயைத் தின்றுவிட்டு, காரத்துக்குப் பேர்போன எங்கள் வீடே கண்ணீர் விட்டதை எழுதினேன். போனில் நானும் அவரும் பாஷை தெரியாமல் வெறுமனே சிரித்துக்கொண்டதை எழுதினேன். அழுகையை அடக்காதே, நன்றாக அழுதுவிடு என்றும் எழுதினேன். முடிக்கிற இடம் வந்தபோது கை ஓடவில்லை. துக்க வீட்டிலிருந்து எங்கள் பக்கம் யாரும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். மறுபடி இப்படி ஒரு காரியத்துக்கு வருவேன் என்று ஆகிவிடும். எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். நானும் அப்படித்தான் செய்தேன். முடிப்பு எழுதவில்லை, பெயர்கூடப் போடவில்லை, மடித்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன்.

கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போனுக்குத் தகவல் வந்தது. பதில் வரவில்லை. பங்குனி போய், சித்திரையும் பாதி போனது. எழுதிய ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் எடுத்துப் பார்த்தேன். நன்றாக அழு என்பது அவள் காதில் சாபம் மாதிரி விழுந்திருக்குமோ? சாவுக் கடிதத்தில் மிளகாய்க் கதை எழுதினது தப்போ? பஸ்ஸில் ஏறியதும் அவள் நம்பரைப் போட்டுப் பார்ப்பேன், அணைந்தே கிடக்கும்.

அந்தச் சமயம் எங்களோடு வேலை பார்க்கும் ஒருவரின் அப்பா மல்லாங்கிணறு ஊரில் இறந்துபோனார். ஆஸ்பத்திரியிலிருந்து கும்பலாகப் போனோம். லேப்பில் புதிதாகச் சேர்ந்த ஒடிசாக்காரரும் வந்திருந்தார். தமிழ் கற்றுக்கொண்டிருந்த ஜோரில், கிளம்பும்போது அந்த வீட்டம்மாவைக் கும்பிட்டு, "போயிட்டு வாரேம்மா" என்றார். கூடியிருந்தவர்கள் முகமெல்லாம் மாறிவிட்டது. அவர் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். அவர் தன் ஊர் வழக்கத்தைச் சொன்னார்.

"எங்க ஊர்ல சொல்லாம போனா கோவம்னு நினைப்பாங்க சிஸ்டர். இனிமே இந்தப் பக்கமே வர மாட்டாங்கன்னு நினைப்பாங்க."

அப்போதுதான் என் கடிதம் ஞாபகம் வந்தது. அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவளிடம் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வந்திருக்கிறேன். வழக்கமான முடிப்பு இல்லை, பெயர் இல்லை. இனி உன் சங்காத்தமே வேண்டாம் என்று அவள் அதைப் படித்திருந்தால் நான் என்ன செய்வேன்? அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. "ஏன் இப்பிடிக் கெடந்து பதறுறே? அவுக அப்பிடியெல்லாம் நெனைக்க மாட்டாக" என்றார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, அவருக்குத் தெருவுக்கு நாலு கூட்டாளி.

அடுத்த வாரம் பதில் வந்தது. பிரிக்கவே பயமாக இருந்தது. டூட்டி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

உன் கடிதத்துக்கு முடிவு இல்லை, உறையைக் கிழித்து உள்பக்கம்கூடப் பார்த்தோம் என்று எழுதியிருந்தாள். இரண்டாவது பக்கம் வழியில் விழுந்திருக்கும் என்கிறார் எங்கள் தபால்காரர், அவரும் தேடுகிறார். முழுசாகப் படித்துவிட்டுப் பதில் எழுதலாம் என்றுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். உன் இரண்டாவது பக்கம் மட்டும்தான் பாக்கி. காலையில் கண் விழித்ததும் அம்மா இல்லை என்பது ஞாபகம் வருகிறது. பிறகு, இன்றைக்கு அந்தப் பக்கம் வந்தாலும் வரும் என்று ஞாபகம் வருகிறது. அதனால் எழுந்துவிடுகிறேன்.

அவள் என்னை விடவில்லை என்ற நிம்மதியில் அழுதேன். முகத்தைத் துடைக்கும்போதே அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு பக்கமே இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? இத்தனை நாள் அவள் காத்திருந்ததற்கு ஈடாக எழுத எனக்கு என்ன தெரியும்?

ஒரு தாளை எடுத்து மேலே 2 என்று போட்டேன். கோடை மழை ஏமாற்றிவிட்டது, மல்லிச்செடி விளைச்சல் ஒன்றும் தேறவில்லை, பஸ்ஸில் இப்போது பாட்டே போடுவதில்லை என்று கைக்கு வந்ததையெல்லாம் எழுதினேன். தாள் நிறைந்தது. இந்தத் தடவையும் முடிப்பு எழுதவில்லை, பெயர் போடவில்லை. அடியில் ஓரமாக ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: மூன்றாவது பக்கம் பின்னால் வருகிறது.