பலித்த வேண்டுதல்

என் மகளுக்குக் கனடா விசா கிடைக்கக் கூடாது என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டவள் நான்தான். பெத்த தாய். சொல்லவே நாக்கு கூசுகிறது.

தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் போடுகிற பூஞ்சையைப் பற்றி அவள் ஆராய்ச்சி செய்கிறாள். தெமோதரைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விஞ்ஞானத்தில் அவ்வளவு தூரம் போன பிள்ளை வேறு இல்லை. பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் தற்காலிக வேலை. அங்கே ஒரு மெஷின் பழுதானால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் சம்பளமும் கொடுத்துக் கூப்பிட்டது. "படிச்சதுங்க எல்லாம் பறந்துட்டா இந்த நாட்டுல யாருதான் இருக்கிறது?" என்று தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் என்ற தோரணையில் ஊரெல்லாம் நியாயம் பேசினேன். நாடாவது மண்ணாவது! அவள் அப்பா போனபிறகு வீட்டில் நாங்கள் ரெண்டே பேர். தனியாகக் கிடக்கப் பயம், அவ்வளவுதான்.

"விசா கெடைக்காமப் போனா பால்குடம் எடுக்கிறேன் தாயே" என்று யாருக்கும் தெரியாமல் நேர்ந்துகொண்டேன்.

கிடைக்கவில்லை. மகள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே நான் உள்ளுக்குள் நிம்மதியாக மூச்சு விட்டேன். சீ, என்ன ஜென்மமோ!

திருவிழா வந்தது. நேர்ந்ததைச் செய்யாவிட்டால் அம்மன் சும்மா விடுவாளா? மஞ்சள் சேலை கட்டிக் குடத்தைத் தூக்கினேன். "மகளுக்காகத்தானே எடுக்கிறீங்க? அடுத்த தடவ கட்டாயம் கெடைச்சிரும் டீச்சர்" என்றார்கள் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற பெண்கள். நானும் கூச்சமில்லாமல் தலையை ஆட்டினேன். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, என் முகத்து வேர்வையைத் துடைத்தபடி பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

கோயிலுக்குத் திரும்பும் வளைவில் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, நீ எப்பவும் வேண்டுனது நடந்த பொறகுதானே பால்குடம் எடுப்ப? நான் ஏ.எல். பரீட்ச பாஸ் பண்ணப்ப எடுத்த. கெம்பஸ்ல படிக்க எடம் கெடைச்சப்ப எடுத்த."

"ம்."

"எனக்குத்தான் விசா கெடைக்கலையே. இப்ப என்ன நடந்துச்சுன்னு எடுக்கிற?"

இடுப்புவலி குணமாச்சு என்று ஏதாவது மழுப்பியிருக்கலாம். தலையில் அம்மனுடைய பால் இருக்கும்போது பொய் சொல்ல வாய் வரவில்லை. கண்ணீர்தான் கொட்டியது. அவளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என் தலையில் சாய்ந்த குடத்தை ஒரு கையால் நிமிர்த்தினாள். "பாத்து நடம்மா, பால் சிந்துது" என்றாள். அபிஷேகம் முடியும்வரை கூடவே நின்றாள். பெண்கள் வந்து அவளுக்குத் தைரியம் சொன்னபோது சிரிக்கவும் செய்தாள். நான் அம்மன் முகத்தையும் பார்க்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் என் காலுக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் சொன்னாள்.

"நான் திரும்ப அப்ளை பண்ணத்தாம்மா போறேன். ஆனா எப்பன்னு ஒனக்குச் சொல்ல மாட்டேன். நீ கும்புட்டுருவ."