கண் படாத சாப்பாடு

ஆட்டுச் சுவரொட்டிக்காக நான் அழுததுபோல் சிறுவயதில் வேறு எதற்கும் அழுததில்லை. ஆட்டின் மண்ணீரலை மதுரைப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு ஆட்டுக்கு அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா பழங்காநத்தம் கறிக்கடைக்கு மற்றவர்களுக்கு முன்னால் போய் நின்று அதைக் கேட்டு வாங்கி வருவார். அம்மா மிளகும் உப்பும் போட்டு வதக்கிச் சின்னக் கிண்ணத்தில் வைத்து அக்காவிடம் நீட்டுவாள். எனக்கு வாசனை மட்டும் வரும்.

அக்கா பளு தூக்குகிறவள். அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு, நான் நாலாம் வகுப்பு. பள்ளி விழாவில் கைக்கொரு தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு அவள் மாடிப்படி ஏறியதைப் பார்த்த விளையாட்டு டீச்சர், கீழக்குயில்குடி போகிற சாலையில் தகரக் கொட்டகை போட்டுப் பளு தூக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மாஸ்டரிடம் அவளை அனுப்பிவைத்தார். ஒரு வருடத்தில் அக்காவின் தோள் அகன்றது, தாவணி போதாமல் போனது. மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம், அதில் நன்றாகச் செய்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்கும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அப்பா மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்காவைக் கல்லூரிக்கு அனுப்ப எங்கள் வீட்டில் இருந்த ஒரே வழி அந்த இரும்புக் கம்பிதான். இதை எனக்கும் பலமுறை விளக்கினார்கள். ஆனால் நாலாம் வகுப்புக்காரிக்குக் கல்லூரி எங்கோ இருந்தது. சுவரொட்டி அடுப்பிலேயே இருந்தது.

சுவரொட்டியோடு முடிந்திருந்தால் நானும் பொறுத்துப் போயிருப்பேன். காலையில் ஊறவைத்த நிலக்கடலை அவளுக்கு. அயிரைமீன் வாங்கினால் குழம்பு எல்லோருக்கும், மீன் அவளுக்கு. அவித்த முட்டையில் வெள்ளைக்கரு அவளுக்கு, மஞ்சள்கரு எனக்கு. உலகத்தில் எந்தப் பிள்ளையும் மஞ்சள்கருவைத்தான் கேட்கும். எனக்கோ அது அவள் வேண்டாம் என்று தள்ளியது என்பதனாலேயே தொண்டையில் இறங்காது. எதிர்வீட்டுச் சித்தி வேறு, என் கன்னத்தைப் பிடித்து, "பெரியவ தின்னு தின்னு ஆம்பள மாதிரி ஆயிட்டா. நீ ஏண்டி ஒட்டடக் குச்சியா நிக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போவாள். எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு.

அதனால் அக்கா சாப்பிட உட்கார்ந்தால் நானும் எதிரில் உட்கார்ந்துகொள்வேன். எதுவும் கேட்க மாட்டேன். பார்ப்பேன். கிண்ணத்திலிருந்து அவள் கை வாய்க்குப் போவதையும் திரும்பி வருவதையும் கண்ணை எடுக்காமல் பார்ப்பேன். சாப்பிடுகிறவளை ஒருத்தி ஏக்கமாகப் பார்த்தால் சாப்பிடுகிறவளுக்கு வயிறு வலிக்கும் என்பது எங்கள் வீட்டில் நெருப்பு சுடும் என்பதுபோல எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதற்குப் பரிகாரமும் உண்டு. பார்க்கிறவள் வாயில் முதல் உருண்டையைப் போட்டுவிட வேண்டும். அக்கா போடத்தான் பார்த்தாள். அம்மா விடவில்லை.

"அவளுக்கு ஒரு வாயி குடுத்தா அடுத்த வாயிக்கும் பாப்பா. ஏய், நீ போயி கருவேப்பில வாங்கிட்டு வா."

அந்த வருடம் நாங்கள் வாங்கிய கறிவேப்பிலையை வைத்து ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம். முட்டை உரிக்கிற சத்தம் கேட்டால் நான் கடைக்கு அனுப்பப்படுவேன். நான் ஓடுகிற ஓட்டத்தில், அவள் கடைசி வாய் மெல்லும்போது திரும்பி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் அக்காவுக்கு நிஜமாகவே வயிறு வலித்தது. கொட்டகையில் கம்பியைத் தோளுக்குக் கொண்டுவந்தவள் அப்படியே கீழே போட்டுவிட்டாளாம். அடுத்த நாளும் அதே கதை. வயிறு கல்லுபோல் உப்பிக்கொள்கிறது, மூச்சைப் பிடிக்க முடியவில்லை என்றாள். போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஒன்றும் விசாரிக்கவில்லை. உப்பையும் மிளகாயையும் எடுத்து அக்காவின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி எவ்வளவு குறைவாக வருகிறதோ அவ்வளவு கண் பட்டிருக்கிறது என்று கணக்கு. அன்று நெடியே வரவில்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெட்கப்படுவதற்குப் பதிலாக எனக்குள் ஒரு பெருமை வந்தது என்பதுதான் உண்மை. அத்தனை கிலோவைத் தலைக்கு மேல் தூக்குகிறவளை நான் கண்ணாலேயே கீழே போட வைத்துவிட்டேனே. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லி இரண்டு பேரை மிரட்டியும் வைத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் மருந்துக் கடையில் வேலை பார்த்த மாமா ஒரு டப்பாவோடு வந்தார். அம்மாவின் தம்பி அவர். குடம் அளவுக்குக் கறுப்பு டப்பா. மேலே ஓர் ஆள் சட்டையில்லாமல் முறைத்துக்கொண்டிருந்தான். உள்ளே புரோட்டீன் பவுடர்.

"ஒரு கரண்டி கலக்கிக் குடிச்சா நாலு முட்ட தின்னதுக்குச் சமம்க்கா. இப்ப ஜிம்முக்குப் போற பயலுக எல்லாம் இதத்தான் குடிக்கிறாய்ங்க."

"நாலு முட்டைய எப்பிடித் தம்பி மாவாக்குறாய்ங்க?" என்று அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மாஸ்டருக்கு விஷயம் போனபோது அவருக்குப் பிடிக்கவில்லை. வாயால் மென்று தின்பதற்கு வசதியில்லாதவனும் நேரமில்லாதவனும் குடிக்கட்டும், இவளுக்கு வீட்டில் முட்டையும் பயறும் கிடைக்கிறதே, டப்பாவை நம்பிச் சோற்றை விடாதே என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினார். மாமா, மாஸ்டர் பழைய காலத்து ஆள் என்றார். அப்பா இரண்டு பேர் சொல்வதும் சரி என்றார். கடைசியில் முடிவு செய்தது அம்மா. பவுடரைக் கலக்க மாமா கொடுத்த பாட்டில் கறுப்பாக, மூடியோடு இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்கு அது போதும். சத்துக்காக அல்ல, கண் படாத சாப்பாடு என்பதற்காக எங்கள் வீட்டில் பவுடர் ஜெயித்தது.

டப்பாவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து சாமி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினாள். அக்காவுக்கு முட்டையும் சுவரொட்டியும் நின்றன. வெறும் தண்ணீரில் கலந்தால் பிள்ளைக்கு என்ன தெம்பு வரும் என்று, பவுடரை காலையும் மாலையும் அரை லிட்டர் பாலில் கலந்து கொடுத்தாள். அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாட்டிலைக் கிலுகிலுவென்று ஆட்டிக் குடிப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டி என் தட்டுக்கு வந்தது. நான் எத்தனை நாள் காத்திருந்த சுவரொட்டி. ஒரு வாய் மென்றேன். ஈரலுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஏதோ ஒரு ருசி. அவளுக்கு இனி வேண்டாம் என்று ஆனபிறகு அதில் தின்ன என்ன இருக்கிறது? என் மனசு முழுக்க அலமாரி மேல்தட்டில் இருந்தது. மூடியைத் திறந்தால் வீடெல்லாம் சாக்லேட் வாசனை. பாவி, சாக்லேட்டையே பாலில் கரைத்துக் குடிக்கிறாள், அதுவும் எனக்குத் தெரியக்கூடாது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு. பொறாமையில் எனக்குக் காய்ச்சலே வந்துவிடும்போல் இருந்தது.

ஒரு வாரத்தில் அக்காவின் வயிறு முன்னைவிட மோசமானது. இப்போது அம்மாவுக்குத்தான் சிக்கல். மூடிய பாட்டிலில் யார் கண் எப்படிப் படும்? கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"மோந்து பாத்திருப்பா" என்றாள்.

கடைசியில் மாஸ்டர்தான் அக்காவைக் கூப்பிட்டு, கலக்கிக் குடிப்பது எதில் என்று கேட்டிருக்கிறார். பால் என்றதும், பவுடர் வருவதற்கு முன்னால் வலித்தபோது என்ன குடித்தாய் என்றிருக்கிறார். முதல் தடவை வலிப்பதற்குச் சில நாள் முன்னால்தான் அம்மா தெம்புக்காகப் பால் கொடுக்கத் தொடங்கியிருந்தது அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பவுடரே பாலிலிருந்து எடுப்பதுதான் என்று மாமாவும் மென்று விழுங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டார். பாலும் நின்றது, பவுடரும் நின்றது, முட்டை திரும்பி வந்தது. வலி போய்விட்டது. அம்மா மட்டும் நம்பவில்லை. நான் கறிவேப்பிலைக்குப் போவது தொடர்ந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாறுதல் நடந்தது. போட்டிக்கு அக்கா ஒரு குறிப்பிட்ட எடைக்குள் இருக்க வேண்டும், கொஞ்சம் கூடினாலும் சேர்க்க மாட்டார்கள் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். சோறு நின்றது, இட்லி நின்றது. முட்டையும் சுண்டலும் வெள்ளரிக்காயும்தான். எனக்கு அது மேலும் எரிச்சலாக இருந்தது. நாங்கள் தின்கிற சோறு அவளுக்கு மட்டமாகிவிட்டதாக்கும். நான் சாப்பிடும்போது இப்போது அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நெய்யும் சீனியும் தொட்டுத் தோசையைப் பிய்க்கும்போது, "நல்லா இருக்காடி?" என்று கேட்பாள். என்னைச் சீண்டுகிறாள் என்று நினைத்துத் தட்டோடு திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அம்மா அவித்த முட்டையும் சுண்டலும் தூக்குவாளியில் கட்டிக்கொண்டாள். எடை பார்க்கும்வரை அக்கா ஒன்றும் சாப்பிடக்கூடாது. முந்தின நாள் மதியத்திலிருந்தே அவள் வாயில் தண்ணீர்கூடச் சரியாகப் படவில்லை. அவளை வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். வரிசை நகரவே இல்லை. நான் பசி என்று அழுததில் அப்பா வெளியே போய்ப் பன் பட்டர் ஜாம் வாங்கிவந்து கொடுத்தார். சட்டியில் வாட்டி, வெண்ணெய் உருகி, ஜாம் ஓரத்தில் வழிந்த பன்.

அதை எடுத்துக்கொண்டு நேராகப் போய் அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். முதன்முதலாக என் கையில் இருந்த ஒன்று அவள் கையில் இல்லை. கறிவேப்பிலை வாங்க அவளை யார் அனுப்புவார்கள்? ஒவ்வொரு கடியாக, விரலை நக்கி நக்கித் தின்றேன். உதடு காய்ந்து வெளுத்துப்போயிருந்த அக்கா என்னையே பார்த்தாள். கண்ணை எடுக்கவே இல்லை. எனக்கு அப்போதே போட்டியில் ஜெயித்த மாதிரி இருந்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். எடை சரியாக இருந்தது. வெளியே வந்தவள், அம்மா தூக்கைத் திறப்பதற்குள் என் கையில் மிச்சமிருந்த பாதிப் பன்னைப் பறித்து, ஒரே வாயாகத் திணித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி நான் அழுதேன். முட்டையைச் சாவகாசமாக அப்புறம்தான் தின்றாள்.

மத்தியானம் அவள் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றபோது கால் நடுங்கியது, கை நடுங்கவில்லை. அவள்தான் முதல். அப்பா அழுதார். பறிபோன பன்னுக்காக நானும் இன்னும் அழுதுகொண்டிருந்ததால், பக்கத்திலிருந்தவர்கள் பாசமான குடும்பம் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அக்காவை வாசலில் உட்காரவைத்துச் சுற்றிப் போட்டாள். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு என்று சொல்லிக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்ததும் வீட்டுக் கண்ணு என்றும் சேர்த்துக்கொண்டாள். நான் அப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு கிடந்தேன். பாதிப் பன்னுக்கு இம்புட்டு வலியா என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தச் சில வாரங்களாகவே எனக்கு அடிக்கடி வயிறு வலித்துக்கொண்டிருந்தது. மாங்காய் தின்றாள், வெயிலில் ஆடினாள் என்று ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு காரணம் சொன்னார்கள். என் தட்டையும் ஒருத்தி தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அம்மாவுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.