ஃபைபரில் ஒரு வெள்ளைக் கார்

கன்னியம்மாளின் மூக்கு செத்துப்போய் வெகுநாளாகிவிட்டது. துணிமில்லை மூடியபின் அவளும் புருஷன் கிருஷ்ணசாமியும் சேதராப்பட்டில் ஃபைபர் தண்ணீர்த்தொட்டி செய்யும் ஷெட்டுக்கு வேலைக்கு வந்தார்கள். அவள் கண்ணாடி நாரை அச்சின்மேல் விரித்து ரெசின் பிசினைத் தடவுவாள். அந்த நெடி முதலில் கண்ணைக் கரித்தது, பிறகு தலையைச் சுற்றவைத்தது, கடைசியில் ஒன்றுமே செய்யவில்லை. வீட்டில் கருவாட்டுக் குழம்பு தீய்ந்தால் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்ல வேண்டியிருந்தது. ஷெட்டில் எல்லாருக்கும் அதே கதிதான்.

"நம்மள பொணம் எரிக்க அனுப்புனாகூட மூக்கப் பொத்தமாட்டோம்" என்று கூட வேலைசெய்யும் அம்மாவாசை சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள்.

முதலாளி தேவதாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். எல்லாருக்கும் அவர் 'முசே', பிரெஞ்சில் 'ஐயா'. எண்பத்து மூன்றாம் வருஷம் பொங்கல் முடிந்ததும் தொட்டி வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, பட்டாளத்து நாட்களில் ஆசைப்பட்ட அமெரிக்கக் காரைப்போல ஒன்றைச் செய்ய, பிளாஸ்டரில் அச்சு பிடிக்கத் தொடங்கினார். 'கொர்வெத்' என்று பிரெஞ்சு உச்சரிப்பில் அதன் பெயரைச் சொல்லும்போது அவர் உதடு குவியும்.

"மொதல்ல அவங்களும் இப்டி பிளாஸ்டர்லதான் உருவம் புடிச்சாங்க. நியூயார்க்ல ஒரு பெரிய ஓட்டல்ல காட்டணும். தகடு அடிக்க அச்சு செய்ய நாளாவும்னு ஃபைபர்ல பண்ணாங்க. சனம் மொய்ச்சிடுச்சி. மொதோ வருசம் முந்நூறு வண்டி, எல்லாம் கையால. எல்லாம் வெள்ளை, உள்ள செவப்பு."

"ஓடிச்சா முசே?" என்றான் அம்மாவாசை.

"மொதோ வண்டி ஸ்டார்ட்டே ஆவலியாம், தள்ளித்தான் வெளிய கொண்டாந்தாங்களாம்." முசே தொடையைத் தட்டிச் சிரித்தார். ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

பழைய ஹெரால்டு காரின் அடிச்சட்டத்தின்மேல் வெள்ளை உடம்பு உட்கார்ந்தது. வெளியே கதவுக்குக் கைப்பிடி இல்லை. அசல் வண்டிக்கும் கிடையாது என்று முசே பிடிவாதமாக இருந்தார். மேல்மூடி இல்லாத வண்டி; உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். அந்தக் கொக்கியைப் பொருத்தியவள் கன்னியம்மாள்.

ஒயர் வேலை கிருஷ்ணசாமியுடையது. மில்லில் சேர்வதற்கு முன் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருந்தவன். பஸ்ஸில் செய்வதுபோலவே பாட்டரிக்குக் கரண்ட் திரும்பும் எர்த் ஒயரை டேஷ்போர்டு இரும்புப் பட்டையில் முடுக்கினான். இஞ்சின் சோம்பேறித்தனமாகச் சுற்றியது, ஆனால் பிடித்துக்கொண்டது. ஜூலை பதினாலு அன்று, பழைய பட்டாளத்துக்காரர்களான சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு நடக்கும் பிரெஞ்சுத் தேசிய நாளில், பீச் ரோட்டில் அதை ஓட்டப்போகிறவனும் அவன்தான்.

முந்தின வாரம் சீட்டுக்குச் சிவப்பு ரெக்ஸின் ஒட்டும்போது அவள் கை டேஷ்போர்டில் சோக்கை இழுக்கும் குமிழில் பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க, இது இன்னா இப்டி சுடுது?"

"இஞ்சின் ஓடுனா சுடாதா? அடுப்புன்னு நெனச்சியா, ஊதிப் பாக்க?"

மறுநாளும் தொட்டாள். சுட்டது. ஸ்டார்ட் செய்யச் செய்யச் சூடு ஏறியது. "வேற யாராவது ஓட்டட்டும்" என்று வீட்டில் சொன்னாள். அவன் பதினாலாந்தேதிக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

பதினாலாந்தேதி காலை ஷெட் வாசலில் பூசை. முசே சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் ஆட்கள் கேட்டார்கள் என்று பூசைக்குச் சம்மதித்தார். வந்தவர் போனவருக்கெல்லாம் ஸ்டார்ட் செய்து காட்டிக் காட்டி, கிருஷ்ணசாமி சீட்டிலேயே இருந்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அம்மாவாசை தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினான்.

முன்சக்கரத்துக்குப் பின்னால் மண் ஈரமாக இருப்பதைக் கன்னியம்மாள் பார்த்தாள். தேங்காய்த் தண்ணியா? தேங்காய் இன்னும் உடைக்கவில்லை. ஈரம் எலுமிச்சம்பழத்தைத் தாண்டி நகர்ந்துகொண்டிருந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அப்போது அங்கே நின்றவர்கள் ஷெட்டு ஆட்கள்தான்; ஒருவருக்கும் வாசம் தெரியவில்லை.

பாய்ந்துபோய்க் கற்பூரத்தை ஊதி அணைத்தாள்.

"அடிப்பாவி! நல்ல நாளும் அதுவுமா!" அம்மாவாசை தட்டோடு பின்வாங்கினான்.

கிருஷ்ணசாமி கதவைத் திறந்து இறங்கி ஓடிவந்து அவள் முடியைப் பிடித்தான். "புத்தி பெரண்டு போச்சாடி ஒனக்கு?"

"பெட்ரோலு... கீழ பாருய்யா..." அவள் குரல் கூச்சலில் அமுங்கியது.

"சகுனமாம், மண்ணாங்கட்டியாம். தள்ளுங்க, நானே ஓட்றேன்." முசே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார், சாவியைத் திருகினார்.

பானட்டுக்குக் கீழே 'புஸ்' என்றது. அவ்வளவுதான் சத்தம். வெள்ளை உடம்பு பழுப்பாகி, கொப்புளித்து, கறுத்த புகையோடு எரிந்தது. பதறிய முசே மற்றக் கார்களில்போல கையை வெளியே விட்டுக் கைப்பிடியைத் துழாவினார், இல்லாததை. கன்னியம்மாள் உள்ளே கைவிட்டுக் கொக்கியை இழுத்தாள். அவர் உருண்டு விழுந்தார், இரண்டு கையும் வெந்து.

தணிந்தபின் ஹெரால்டு சட்டம் மட்டும் நின்றது. கிருஷ்ணசாமி குச்சியால் கிளறினான். குமிழிலிருந்து இஞ்சினுக்குப் போகும் சோக் கம்பி இரும்புப் பட்டையோடு உருகி ஒட்டியிருந்தது.

"ஃபைபர்ல எர்த்து ஓடாது புள்ள. பட்டைக்கும் இஞ்சினுக்கும் நடுவுல வேற வழியில்ல, கரண்டெல்லாம் இந்தக் கம்பி வழியாத்தான் போயிருக்கு. பெட்ரோல் டியூபு இதும்மேலயே கெடந்து இளகிடுச்சி. இரும்பு பாடின்னு நெனச்சிட்டேன்."

ஆவணியில் கைக்கட்டோடு முசே ஷெட்டுக்கு வந்தார். மூலையில் கோணி போர்த்திக் கிடந்த பிளாஸ்டர் அச்சைக் கண்ணால் காட்டினார்.

"அச்சு நல்லாத்தான இருக்கு?"

"ஒரு கீறல் இல்ல முசே" என்றான் கிருஷ்ணசாமி. அவன் கண்ணில் பழைய பளபளப்பு. "இந்தத் தபா எர்த்துக்குத் தனி ஒயர் இழுத்துடறேன். நானே ஓட்றேன்."

அவர்கள் டீ குடிக்கப் போகும்வரை கன்னியம்மாள் பொறுத்திருந்தாள். பிறகு அச்சிலிருந்து தொட்டியைக் கழற்றும் மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், கோணியை விலக்கினாள்.