பட்டையில் வெட்டிய பெயர்

கோதண்டபாணியின் பட்டறை திண்டிவனத்தில் புதுச்சேரி சாலையோரம் இருக்கிறது. லாரிகளுக்குப் பட்டை கட்டுவது அவர் தொழில். வில்லாக வளைத்த எஃகுப் பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, சக்கர அச்சின் மேல் இறுக்கியிருப்பார்களே, அவைதான் லாரியின் பாரத்தைத் தாங்குகின்றன. நேர் எதிரே, சாலையின் அந்தப் பக்கம், நெடுஞ்செழியனின் பட்டறை. அங்கேயும் இதே தொழில்.

இருவரும் விழுப்புரத்தில் ஒரே மேஸ்திரியிடம் வேலை பழகியவர்கள். அதை யாராவது நினைவுபடுத்தினால் கோதண்டபாணிக்குப் பிடிக்காது. எதிரே நிற்கும் லாரிகளைப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

"அவங்கடைல நாலு வண்டி நிக்குது பாரு."

"நம்ம கடைல மூணு நிக்குதே, அதப் பாருங்க" என்பாள் மனைவி செண்பகம்.

"அவங்கிட்ட நிக்கிறதெல்லாம் பெரிய வண்டி."

ஒரு நாள் டீக்கடையில் வெளியூர் டிரைவர் ஒருவர் தன் லாரியைக் காட்டி, "போன மழைக்குக் கட்டுன பட்டை. அசையல. நெடுஞ்செழியன் கை அப்பிடி" என்றார். அந்தப் பட்டையைக் கட்டியது கோதண்டபாணி. வளைவைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? சொன்னால் பொறாமையில் பேசுவதாகச் சிரிப்பார்கள். பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்தார்.

நெடுஞ்செழியன் தன் வேலைக்கு அடையாளமாக மஞ்சள் பெயின்ட் தடவுவார். நாலு மழைக்குப் போய்விடும் பெயின்ட். கோதண்டபாணி அடையாளத்தை எஃகிலேயே வைக்க நினைத்தார். பட்டை உலையிலிருந்து செக்கச் சிவந்து வரும்போதே உளியை வைத்து 'கோ' என்று வெட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மெயின் பட்டையில், குனிந்தால் கண்ணில் படுகிற இடத்தில், கிளாம்புக்குப் பக்கத்திலேயே. எண்ணெயில் முக்கி எடுத்த பிறகு எழுத்தின் விளிம்பு கத்தி போல நின்றது. விரலால் தடவிப் பார்த்துக்கொள்வார். இனி எவனும் எதிர்க்கடை வேலை என்று சொல்ல முடியாது.

சில மாதங்களில் அவர் கட்டிய பட்டைகள் உடைந்து வரத் தொடங்கின. முதலில் வந்தவரிடம் அதிக லோடு ஏற்றியதாகச் சண்டை போட்டார். அடுத்தவரிடம் வல்லம் ரோட்டுப் பள்ளத்தைத் திட்டினார். பிறகு சித்தார்த்தன் என்ற டிரைவர் வந்தார், நெற்றியில் தையலோடு. ஜல்லி ஏற்றிய அவருடைய டிப்பர் கிளியனூர் அருகே ஒரு பக்கமாகச் சாய்ந்து புளியமரத்தில் மோதியிருந்தது.

"உங்க பட்டைதாங்கண்ணா. டப்புனு ரெண்டாப் போச்சி. எதுக்க ஸ்கூல் பஸ்சு வந்துக்கினு இருந்துச்சி. நல்ல வேளை, நான் ஸ்டீரிங்க மரத்துப் பக்கம் ஒடிச்சிட்டேன்."

கோதண்டபாணிக்கு ஒன்றுதான் தோன்றியது. இருவருக்கும் எஃகு தருபவர் ஒருவரே. நல்லதை அந்தப் பக்கமும் சொத்தையை இந்தப் பக்கமும் இறக்கச் சொல்லியிருக்கிறான் நெடுஞ்செழியன். உடைந்த இரண்டு துண்டுகளையும் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார். எதிர்ப் பட்டறையில் டிரைவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

"சப்ளைக்காரங்கிட்ட இன்னாடா சொன்ன? நல்ல ஸ்டீலு உனுக்கு, மட்டமானது எனுக்கா?"

நெடுஞ்செழியன் ஒரு துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். உடைந்த முகத்தின் பெரும்பகுதி சர்க்கரையைக் கொட்டியது போலப் புதிதாக மின்னியது. மேல் ஓரத்தில் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு. வழவழப்பாக, சிப்பி ஓட்டின் கோடுகள் போல வளையத்துக்குள் வளையம்.

இருவருக்கும் அந்தக் கறுப்பின் பொருள் தெரியும். அது ஒரு நாளில் வந்ததல்ல. எஃகுக்குள்ளும் மணிகள் உண்டு, கண்ணுக்குத் தெரியாத பொடி மணிகள். சக்கரம் பள்ளத்தில் விழும்போதெல்லாம் விரிசல் அவற்றை ஊடுருவிக் கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். மிச்சமிருக்கும் எஃகால் பாரத்தைத் தாங்க முடியாத அன்று மொத்தமாக முறியும். வளையங்கள் எல்லாம் ஒரே புள்ளியில் பிறந்திருந்தன. நெடுஞ்செழியனின் கட்டைவிரல் அங்கே போய் நின்றது. 'கோ'வின் கூரான அடிமுனை.

கோதண்டபாணி தன் கையிலிருந்த மற்றத் துண்டைத் திருப்பிப் பார்த்தார், அங்கேயும் அதே கறுப்பு.

நெடுஞ்செழியன் டிரைவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துண்டைக் கவிழ்த்து வைத்தார். "ஆமாம்பா, ஸ்டீலுதான் சரியில்ல. சப்ளைக்காரன் பேஜாரு பண்ணிட்டான். எனுக்கும் ரெண்டு வந்துச்சி" என்று உரக்கச் சொன்னார். பிறகு காதருகே குனிந்து, "எத்தினி வண்டில வெட்டி வச்சிருக்க? வண்டி வர வர நான் கழட்டிடறேன். நீ வாயத் தொறக்காத" என்றார்.

பேசாமல் இருந்தால் போதும், பெயர் தப்பிவிடும். ஆனால் தன் பட்டைகளை அவன் கழற்றுவான். தன் லாரிகள் அவன் வாசலில் வரிசையாக நிற்கும். தான் காலமெல்லாம் இந்தப் பக்கமிருந்து அவனுடைய பெருந்தன்மையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதைவிட எமன் வரலாம்.

"ஸ்டீலு நல்ல ஸ்டீலு!" என்று கத்தினார் கோதண்டபாணி. "இவன் பொய் சொல்றான். நான் வெட்டுன எழுத்துதான் ஒடைக்குது. மெயின் பட்டையில கோ-ன்னு இருந்தா லோடு ஏத்தாதீங்க. எங்கிட்டக் கொண்டாங்க, நானே மாத்தித் தர்றேன். இவங்கிட்ட இல்ல, எங்கடைக்கு!"

ஒரு டிரைவர் சிரித்துவிட்டார். "பேரு எழுதிக்கூட ஆள் தீத்துருவ போலக்கீதே, ணா."

"சிரி. உன் வண்டிக்கடில குனிஞ்சி பாத்துட்டு வந்து சிரி."

அந்த டிரைவர் குனிந்து பார்த்தார். எழுந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி பரவியது. மறுநாள் காலை கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு லாரி வந்தது. வந்த வாக்கில் எதிர்ப் பக்கம் ஒதுங்கி நின்றது. நெடுஞ்செழியன் வெளியே வந்து அடியில் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்து, சாலைக்கு இந்தப் பக்கம் கைகாட்டினார். லாரி திரும்பியது.

"இவன் இன்னாத்துக்குக் கை காட்டறான்?" கோதண்டபாணி பல்லைக் கடித்தார். "டிரைவருக்குக் கண்ணு இல்லியா? இங்க போர்டு இல்லியா?"

செண்பகம் ஜாக்கியை அவர் பக்கம் தள்ளினாள்.

"வண்டி வந்துடுச்சில்ல. அடில போங்க."